பிடியரிசியும் சீமெந்துச் சீட்டும்

வறுமையைப் பற்றி எங்கள் பகுதி எழுத்தாளர்கள் நிறையவே எழுதியிருக்கிறோம். சீதனக் கொடுமை, கடைக் கொப்பியில் ஏறிய கடன், ஈட்டுக்குப் போன வயல், குமர் கரைசேராத வீடு என்று எங்கள் சிறுகதைகளில் இல்லாத துயரமில்லை. ஆனால் அந்த வறுமைக்குள்ளும் ஒரு குடும்பம் நாளைக்கென்று ஒரு கைப்பிடியை எப்படி ஒதுக்கியது, எங்கே வைத்தது, வைத்தது தேவைப்பட்ட நாளில் கைக்கு வந்ததா என்ற கணக்கை நாங்கள் அதிகம் எழுதவில்லை. காசுக் கணக்கு இலக்கியத்துக்கு உகந்த பொருளல்ல என்றொரு எண்ணம் எங்களிடம் ஊறிப்போயிருக்கிறது போலும். நான் கிராமத்துப் பாடசாலையில் கணிதம் படிப்பிக்கிறவன். ஆகையால் அந்தக் கணக்கில் கொஞ்சத்தை இங்கே போட்டுப் பார்ப்பதற்கு எனக்கு உரித்துண்டு என்று நினைக்கிறேன்.

எனக்கு இப்போது நாற்பத்தாறு வயது. இந்த வயதுக்குள் அம்பாறை மாவட்டத்தின் கரையோரத்தில் வாழ்ந்த எங்களுக்கு போர், கடல், கொள்ளைநோய், நாட்டின் வங்குரோத்து என்று நாளை பல உருவில் வந்துவிட்டது. ஒவ்வொரு தடவையும் ஏதோவொன்றைச் சேர்த்து வைத்திருந்தவர்கள்தான் நாங்கள். ஒவ்வொரு தடவையும் அதில் ஏதோவொன்று எங்களைக் கைவிட்டது, வேறொன்று கைகொடுத்தது. எது கைவிட்டது, எது கைகொடுத்தது என்பதைத்தான் சொல்லப் போகிறேன்.

*

என் மூத்தம்மா படித்தவரல்ல. குர்ஆன் ஓதுவார், தன் பெயரை எழுதத் தெரியாது. உலைக்கு அரிசி அளக்கும்போது சுண்டிலிருந்து ஒரு பிடியை அள்ளி மூலையில் இருந்த மண்பானைக்குள் போடுவார். காலை உலைக்கு ஒரு பிடி, மாலை உலைக்கு ஒரு பிடி. கிழக்கிலங்கையில் இந்தப் பிடியரிசியை அறியாத வீடு அந்நாளில் இருந்திருக்காது. பள்ளிவாசல் செலவுக்கும் மதுறஸாவுக்கும் அப்படிச் சேர்த்த அரிசியைக் கொடுத்த ஊர்களும் உண்டு.

ஒரு பிடி எவ்வளவு இருக்கும் என்று ஆசிரியனான பிறகு நானே தராசில் வைத்துப் பார்த்தேன். என் மனைவியின் கைக்கு 50 கிராம் வந்தது. நாளுக்கு 100 கிராம். மாதத்துக்கு 3 கிலோ. வருடத்துக்கு 36 கிலோ. சாப்பிட இருந்தவர்களில் எவருக்கும் தன் பங்கு குறைந்ததாகத் தெரியாத அளவு அது. அதிலுள்ள நுட்பம் எடுக்கும் நேரத்தில் இருக்கிறது. சமைத்த பின் மிஞ்சியதை அவர் சேர்க்கவில்லை, சமைக்குமுன் எடுத்தார். "மிஞ்சினா வைப்பமெண்டா ஒரு நாளும் மிஞ்சாது மகன்" என்பார். சம்பளம் வந்த அன்றைக்கே முதலில் ஒரு பங்கை ஒதுக்கு என்று இன்றைக்கு வங்கிக்காரர் துண்டுப்பிரசுரம் அடித்துச் சொல்வதும் இதைத்தான்.

1990 ஓகஸ்டில் காத்தான்குடியிலும் ஏறாவூரிலும் படுகொலைகள் நடந்த பிறகு எங்களைப் போல ஓரத்தில் கிடந்த ஊர்களில் இரவு தங்கவே சனம் பயந்தது. ஒரு மாலையில் நாங்களும் உழவு மெசின் பெட்டியில் ஏறினோம். எனக்குப் பதினொரு வயது. வாப்பா வயலின் உறுதியை எடுத்தார். உம்மா காப்பைக் கழற்றி முந்தானையில் முடிந்தார். மூத்தம்மா அரிசிப் பானையைத் தூக்கினார். பெரிய ஊரொன்றில் பாடசாலைக் கட்டடத்தில் தங்கிய முதல் பத்து நாட்களும் எங்கள் அடுப்பு அந்தப் பானையால்தான் எரிந்தது. வயல் உறுதி பெட்டிக்குள் கிடந்தது. அந்த வயலுக்குப் பல வருடங்கள் போக முடியவில்லை. காப்பு விலைபோனது, ஆனால் பாதி விலைக்கு. அகதியாய் வந்த எல்லோரும் ஒரே கிழமையில் ஒரே கடைக்கு நகையைக் கொண்டுபோனால் கடைக்காரர் சொல்வதுதான் விலை. அரிசிக்கு அந்தக் குறை இல்லை. அதை விற்க வேண்டியதில்லை, மாற்ற வேண்டியதில்லை.

ஆனால் அரிசிக்கும் எல்லையுண்டு. காய்ந்த வேப்பிலை போட்டாலும் சில மாதங்களில் வண்டு விழும். சூறா யூசுஃபில் ஏழு செழிப்பான வருடங்களையும் ஏழு பஞ்ச வருடங்களையும் பற்றிய கனவுக்கு யூசுஃப் நபி விளக்கம் சொல்லும் இடத்தை எல்லோரும் அறிவோம். அங்கே ஒரு சிறு தொழில்நுட்பமும் சொல்லப்படுகிறது. உண்ணும் அளவு போக மற்றதைக் கதிரோடேயே விட்டுவையுங்கள் என்பது அது. உமியும் கதிரும் மணியைக் காக்கும். சேர்க்கச் சொன்னதோடு நிற்காமல் எந்த உருவில் சேர்க்க வேண்டும் என்றும் சொன்ன இடம் அது. பயான்களில் நாங்கள் முன்னதைக் கேட்கிறோம். பின்னதைக் கடந்துபோய் விடுகிறோம்.

*

2003இல் ஆசிரியர் கலாசாலைக்குப் போனேன். விடுதியில் என் கட்டிலுக்குப் பக்கத்துக் கட்டிலில் இருந்தவர் புத்தளத்து முகாமிலிருந்து வந்தவர். பிறந்தது யாழ்ப்பாணம் சோனகத் தெருவில். 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடமாகாண முஸ்லிம்களை வெளியேற்றியபோது யாழ்ப்பாணத்தில் கொடுக்கப்பட்ட அவகாசம் இரண்டு மணித்தியாலம். அவருடைய உம்மா பெண்மக்களுக்கென்று சேர்த்திருந்த நகை சோதனைச் சாவடியில் போனது. வீடு போனது. கடையும் அதற்குள் அடுக்கியிருந்த துணியும் போயின. எங்களுக்காவது அரிசிப் பானை வந்தது. அவர்களுக்கு அதுவும் இல்லை.

"பிறகு எப்படிச் சமாளித்தீங்க?" என்று கேட்டேன்.

"வாப்பாட கை வந்ததுதானே" என்றார்.

அவருடைய வாப்பா தையற்காரர். புத்தளத்தில் கிடுகுக் கொட்டிலுக்கு முன்னால் இரவல் மெசினைப் போட்டு மூன்றாம் கிழமையே சட்டை தைக்கத் தொடங்கியிருக்கிறார். சோதனைச் சாவடியில் எவராலும் அவர் கையிலிருந்த வெட்டைப் பறிக்க முடியவில்லை. இந்த ஒரு வரி விடையை நான் இருபது வருடங்களாக மறக்கவில்லை. அது ஏன் என்பதை முடிவில் சொல்கிறேன்.

2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை. கலாசாலை விடுமுறை. மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது என்று கரையோரம் நெடுகக் கடல் ஏறியது. உயிர்களைப் பற்றி இங்கே எழுத வரவில்லை, அதற்குக் கணக்கில்லை. சேமிப்பைப் பற்றி மட்டும் சொல்கிறேன். கடற்கரை வீதியில் இருந்த என் மாமி வீட்டில் மூன்று பெண்களின் நகையும் ஒரு அலுமாரிக்குள் இருந்தது. அலுமாரி போன இடம் இன்றுவரை தெரியாது. கையில் மிஞ்சியது உடுத்திருந்த உடுப்பு. ஆனால் மாமா ஊர் வங்கியில் ஒரு சேமிப்புக் கணக்கு வைத்திருந்தார். புத்தகம் கடலோடு போனாலும் பதிவேடு வங்கியில் இருந்தது. ஆளை உறுதிப்படுத்தி புதிய புத்தகம் கொடுத்தார்கள். முதல் தறப்பாளும் முதல் அடுப்பும் அந்தக் காசில் வாங்கியவை. வட்டி என்ற சொல்லுக்குப் பயந்து வங்கி வாசலையே மிதிக்காதிருந்த என் வாப்பா, அந்த மாதத்தில்தான் தன் பெயரில் ஒரு கணக்குத் திறந்தார். வருகிற வட்டியைத் தனியே எடுத்து பொதுக் கழிப்பறை, வீதித் திருத்தம் போன்றவற்றுக்குக் கொடுத்துவிடுவார்.

பிறகு காலம் மாறியது. 2005இல் வந்த வங்கிச் சட்டத் திருத்தம் இலாப நட்டப் பங்கு அடிப்படையிலான வங்கிச் சேவைக்கு வழி திறந்தது. 2011இல் முழுமையான இஸ்லாமிய வங்கியொன்றும் நாட்டில் இயங்கத் தொடங்கியது. மார்க்கத்துக்கும் பாதுகாப்புக்கும் இடையே ஒன்றைத் தெரிவுசெய்ய வேண்டியிருந்த வாப்பாவின் தலைமுறைக்கு இருந்த நெருக்கடி எங்களுக்குக் குறைந்தது.

*

இனி 2022க்கு வருகிறேன்.

எங்கள் பகுதியில் பெண்பிள்ளை பிறந்த வீட்டில் அன்றைக்கே ஒரு வீட்டுக் கணக்குத் தொடங்கிவிடும். மாப்பிள்ளை பெண்வீட்டுக்கு வருவார். பெண்ணின் பெயரில் வீடு எழுதப்படும். பெற்றோர் வளவின் மூலையில் சிறு கொட்டிலுக்கு ஒதுங்குவார்கள். நல்லதோ கெட்டதோ, கிழக்கிலங்கை முஸ்லிம் குடும்பம் ஒன்றின் வாழ்நாள் சேமிப்பு முழுவதும் கல்லும் சீமெந்துமாய் அந்த வீட்டுக்குள்தான் போகிறது. எனக்கும் ஒரு மகள். ஆசிரியர் சம்பளத்தில் மாதா மாதம் ஒதுக்கி, 2021 நடுப்பகுதியில் அவள் வீட்டுக்கென்று 6 இலட்சம் ரூபா சேர்ந்திருந்தது.

அப்போது 50 கிலோ சீமெந்து மூடை ஏறக்குறைய ஆயிரம் ரூபா. என் 6 இலட்சம் 600 மூடை. 2022 மார்ச்சில் ரூபாவை மிதக்க விட்டார்கள். 200 ரூபாவை ஒட்டி நின்ற டொலர் மே மாதத்தில் 360ஐத் தொட்டது. ஏப்ரல் 12ஆம் திகதி வெளிநாட்டுக் கடனைத் திருப்பிக் கொடுப்பதை நிறுத்துவதாக அரசாங்கம் அறிவித்தது. ஆண்டின் நடுப்பகுதியில் சீமெந்து மூவாயிரத்தை எட்டியது. என் சேமிப்புப் புத்தகத்தில் ஒரு சதமும் குறையவில்லை. எவரும் திருடவில்லை, கடல் வரவில்லை, சோதனைச் சாவடியும் இல்லை. ஆனால் 600 மூடை 200 மூடையாகிவிட்டது.

வயல்தான் எங்கள் வங்கி என்றிருந்தவர்களுக்கு அடி அதற்கு முன்பே விழுந்திருந்தது. 2021 மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதியை ஒரே நாளில் தடைசெய்தார்கள். ஆண்டின் கடைசியில் தடையைத் தளர்த்தினாலும் பெரும்போக விதைப்பு அதற்குள் முடிந்துவிட்டது. என் மச்சானின் வயலில் ஏக்கருக்கு வழமையாக வருவதில் பாதி நெல்தான் வந்தது.

அந்த நாட்களில் சாதாரண தர வகுப்பில் கூட்டுவட்டிப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். பின்வரிசையிலிருந்து ஒரு மாணவன் எழுந்தான்.

"சேர், வட்டி ஹறாம்தானே. அப்ப நாம என்னத்துக்கு இந்தக் கணக்கச் செய்யிற?"

வகுப்பு சிரித்தது. நான் சிரிக்கவில்லை. கேள்வி நல்ல கேள்வி. "நீ வட்டி வாங்காமல் இருக்கலாம், கொடுக்காமல் இருக்கலாம். ஆனால் விலைவாசி உன்னைக் கேட்டுக்கொண்டு ஏறுவதில்லை. அது ஏறுவதும் இந்தக் கணக்கின்படிதான்" என்று சொல்லி, 72 என்ற எண்ணைக் கரும்பலகையில் எழுதினேன். ஒரு தொகை வருடத்துக்கு எத்தனை சதவீதம் வளர்கிறதோ அந்த எண்ணால் 72ஐப் பிரித்தால், அது இரட்டிப்பாக எத்தனை வருடம் செல்லும் என்று அண்ணளவாக வரும். விலை வருடத்துக்கு 6 சதவீதம் ஏறினால் 12 வருடத்தில் இரட்டிப்பு. 12 சதவீதம் ஏறினால் 6 வருடத்தில். பெட்டிக்குள் பூட்டி வைத்த காசின் பெறுமதி பாதியாவதற்கும் ஏறக்குறைய அதே காலம்தான்.

2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி பணவீக்கம் 69.8 சதவீதம். உணவுக்கு மட்டும் 94.9. ஒரு வருடத்துக்கு முன் 100 ரூபாவுக்கு வாங்கிய பொருட்களுக்கு 169 ரூபா 80 சதம். பெட்டிக்குள் கிடந்த ஒரு இலட்சத்துக்கு 59,000 ரூபாவின் சாமான்தான் வரும். அடுத்த வருடம் 2023 செப்டெம்பரில் பணவீக்கம் 1.3 சதவீதத்துக்கு இறங்கிவிட்டது என்று பத்திரிகைகளில் வந்தது. ஆசிரியர் அறையிலும் பலர், அப்படியென்றால் விலை ஏன் இறங்கவில்லை என்று கேட்டார்கள். இது சொல்லில் உள்ள மயக்கம். இறங்கியது ஏறும் வேகம். 169 ரூபா 80 சதம் இன்னும் 1.3 சதவீதம் ஏறி 172 ஆனது. ஏணியில் ஓடி ஏறியவன் களைத்து மெதுவாக ஏறுகிறான், கீழே வரவில்லை. அந்த வருட மாணவர்களுக்குச் சதவீதப் பாடத்தை நான் இந்த இரண்டு எண்களை வைத்துத்தான் படிப்பித்தேன். புத்தகத்துக் கணக்கைவிட வேகமாக விளங்கியது.

2022இல் கைகொடுத்தது எது? பவுண். உலகச் சந்தையில் டொலரில் விலைபோகும் பொருள் என்பதால் டொலரோடு சேர்ந்து அதுவும் ஏறியது. 1990இல் பாதி விலைக்குப் போனதும், 2004இல் அலுமாரியோடு போனதுமான அதே நகை, 2022இல் எங்கள் வீட்டைக் காப்பாற்றியது. மனைவி ஒரு சோடிக் காப்பை விற்றாள். அத்திவாரத்தோடு நின்ற மகளின் வீட்டில் இரண்டு அறைகளின் சுவர் யன்னல் மட்டத்துக்கு எழும்பியது.

இப்படி அடுக்கிப் பார்த்தபோதுதான் எனக்கு ஒன்று தெளிவாகியது. ஒவ்வொரு பேரிடரும் ஒவ்வொரு பானையை உடைக்கிறது. போர் மண்ணையும் வீட்டையும் பறித்தது. கடல் அலுமாரியைப் பறித்தது. வங்குரோத்து புத்தகத்திலிருந்த காசைக் கரைத்தது. எதையும் உடைக்காத பேரிடரும் இல்லை, எல்லாவற்றையும் ஒருசேர உடைத்த பேரிடரும் குறைவு. அடுத்தது எந்தப் பானைக்கு வரும் என்று எவருக்கும் தெரியாது. ஆகையால் எவ்வளவு சேர்த்தோம் என்று கேட்பதோடு, எத்தனை பானையில் வைத்தோம் என்றும் கேட்க வேண்டியிருக்கிறது.

*

எங்கள் தெருவில் ஒரு பெண்மணி இருக்கிறார். எல்லோரும் அவரைச் சீட்டு றாத்தா என்போம். ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். இருபத்தைந்து வருடமாகச் சீட்டுப் பிடிக்கிறார். அவர் சீட்டில் எவரும் ஏமாந்ததாகக் கேள்விப்படவில்லை. 2021 செப்டெம்பரில் இருபது பேரைச் சேர்த்து, ஆளுக்கு மாதம் 5,000 ரூபா என்று ஒரு சீட்டுத் தொடங்கினார். மாதம் ஒருவருக்கு ஒரு இலட்சம். கழிவு இல்லை, ஏலம் இல்லை, வட்டி இல்லை. முதலில் எடுப்பவருக்கு அது கடன். கடைசியில் எடுப்பவருக்கு அது சேமிப்பு. சாதாரண காலத்தில் இருவருக்கும் நீதி.

அது சாதாரண காலமாக இருக்கவில்லை. முதல் மாதம் எடுத்தவர் அந்த ஒரு இலட்சத்துக்கு ஏறக்குறைய 100 மூடை சீமெந்து இறக்கினார். 2022 ஜூனில் பத்தாவது ஆளாக எடுத்தவருக்கு அதே ஒரு இலட்சத்துக்கு 33 மூடை. அவருக்குப் பின்னால் இன்னும் பத்துப் பேர் இருந்தார்கள். தெருவில் முணுமுணுப்புக் கிளம்பியது. சீட்டு உடையும் என்றே நினைத்தேன். சீட்டு உடைந்தால் காசு மட்டும் போவதில்லை. இருபது குடும்பத்தின் முகமும் முறியும்.

றாத்தா பெண்களை ஒரு அஸர் தொழுகைக்குப் பின் தன் முற்றத்துக்குக் கூப்பிட்டார். முன்னுக்கு எடுத்தவர்கள் பின்னுக்கு எடுப்பவர்களுக்கு மேலதிகமாகக் கொடுக்க வேண்டும் என்று ஒருத்தி சொன்னாள். அதை மௌலவியிடம் கேட்டார்கள். இவ்வளவு தரவேண்டும் என்று நிபந்தனை போட்டால் அது வட்டியாகிவிடும். கடன் பட்டவர் கேளாமலே தன் மனத்தால் கூடக் கொடுத்தால் அது நல்லமுறையில் கடன் தீர்ப்பது என்றார். நிபந்தனை எதுவும் எழுதப்படவில்லை. ஆனால் அடுத்த மாதங்களில் சீட்டு எடுத்தவர்களின் வாசலுக்கு, முன்னுக்கு எடுத்த சிலர் அரிசியும் தேங்காயும் கொண்டுபோனதை நான் கண்டேன். எல்லோரும் கொண்டுபோகவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். சீட்டு 2023 ஏப்ரலில் முடியும்வரை உடையவில்லை.

அடுத்த சீட்டுக்கு றாத்தா என்னிடம் வந்தார்.

"தம்பி, காசு சுருங்குது. சீமெந்து சுருங்காது. நாம சீமெந்தாவே போடுவமா?"

அவர் சொன்ன திட்டம் இது. வீடு கட்டிக்கொண்டிருக்கும் பதினைந்து பேர். ஆளுக்கு மாதம் இரண்டு மூடை சீமெந்து. அந்த மாதத்தில் மூடை என்ன விலையோ அந்த விலையைக் கொடுப்பார்கள். சேர்ந்த காசுக்கு ஹாட்வெயார் கடையில் 30 மூடை வாங்கி, முறை வந்தவரின் வளவில் இறக்குவது. விலை ஏறினால் எல்லோரும் கூடக் கொடுப்பார்கள். இறங்கினால் எல்லோரும் குறையக் கொடுப்பார்கள். முதலாவது ஆளுக்கும் 30 மூடை, பதினைந்தாவது ஆளுக்கும் 30 மூடை. சீமெந்தை வாங்கி வைத்துக்கொண்டிருக்க முடியாது. மூன்று மாதத்தில் ஈரம் குடித்துக் கட்டியாகும். இதில் அந்தக் கவலையும் இல்லை. மேசன் வேலைக்கு வரும் மாதத்துக்கு முறையை வைத்துக்கொள்ளலாம். சீமெந்தைக் கொடுத்து அதே அளவு சீமெந்தைத் திரும்ப வாங்குவதில் வட்டியின் பேச்சே இல்லை என்று மௌலவியும் சொன்னார்.

விலைச் சுட்டெண்ணோடு இணைத்த சேமிப்பு என்று பொருளியல் புத்தகங்கள் பக்கம் பக்கமாக எழுதுவதை, ஐந்தாம் வகுப்புப் படித்த ஒரு பெண் தன் முற்றத்தில் வைத்துத் தீர்த்திருந்தார். நான் செய்தது ஒரு கொப்பியில் கோடு கீறிக் கொடுத்தது மட்டும். முதற்சுற்றில் ஒருத்தியின் கணவருக்குக் கட்டாரில் வேலை போய், நான்கு மாதம் போட முடியவில்லை. அவள் முறையைக் கடைசிக்குத் தள்ளினார்கள். விடுபட்ட எட்டு மூடையையும் அவள் போட்டு முடித்த பிறகே இறக்கினார்கள். அவமானப்படுத்தவில்லை, தள்ளுபடியும் செய்யவில்லை. இப்போது அடுத்த சுற்று நடக்கிறது. நாங்களும் அதில் இருக்கிறோம்.

இதே ஊரில் இதற்கு நேர்மாறான ஒன்றும் நடந்தது. வட்டியில்லா இலாபம், மாதம் 5 சதவீதம் என்று சொல்லிக்கொண்டு ஒருவர் வந்தார். ஹலால் என்ற சொல்லைத் தாராளமாகப் பாவித்தார். 72ஐ 5ஆல் பிரித்துப் பார்த்தால் பதினான்கரை மாதத்துக்குள் காசு இரட்டிப்பாக வேண்டும். எங்கள் வட்டையில் எந்த வயலும், எந்தக் கடையும் அப்படி விளைந்ததில்லை. பழைய ஆட்களுக்குப் புதிய ஆட்களின் காசைக் கொடுக்கும் வேலை அது. அப்படியான பிரமிட் திட்டங்களை இந்நாட்டு வங்கிச் சட்டமே தடைசெய்திருக்கிறது. ஆயினும் வெளிநாட்டுக் காசில் பாதியை அவரிடம் கொடுத்த குடும்பங்கள் உண்டு. அவர் போன திசை தெரியாது. மத்திய வங்கியின் அனுமதிப்பத்திரம் பெற்ற நிறுவனத்தில் வைப்பிட்டிருந்தால் வைப்புக் காப்புறுதியாவது இருந்திருக்கும்; 2021இல் அது ஒருவருக்கு ஒரு நிறுவனத்தில் 11 இலட்சம் ரூபா வரை என்று உயர்த்தப்பட்டது. முற்றத்துக்கு வந்து சிரித்துப் பேசியவரிடம் கொடுத்த காசுக்கு எந்தக் காப்பும் இல்லை. சீட்டு றாத்தாவும் முற்றத்தில்தான் காசு வாங்குகிறார் என்று கேட்கலாம். அவர் இரட்டிப்பாக்கித் தருவதாக எவருக்கும் சொன்னதில்லை. போட்டதுதான் வரும் என்று சொல்கிறார்.

*

இப்போது எங்கள் வீட்டில் உள்ள ஒழுங்கு பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஒரு மாதத்துக்குரிய அரிசி எப்போதும் முன்கூட்டி இருக்கும். இரண்டு மாதச் செலவுக்குரிய காசு வங்கியில். கொஞ்சம் பவுண். அணிகிற நகைக்கு ஸகாத் இல்லை என்பது எங்கள் ஷாபிஈ மத்ஹபின் நிலைப்பாடு. சேமிப்பென்று நினைத்துப் பூட்டி வைத்ததும் அது கணக்குக்குள் வந்துவிடும். 85 கிராம், அதாவது பத்தரைப் பவுணுக்குச் சற்று மேல், எங்களிடம் இல்லை. பிறகு சீமெந்துச் சீட்டு. இவை ஒவ்வொன்றும் எங்கே, எவ்வளவு, யாரிடம் என்று ஒரு கொப்பியில் எழுதி மனைவிக்கும் மகளுக்கும் காட்டியிருக்கிறேன். போர்க்காலத்தில் கணவனை இழந்த எத்தனையோ பெண்கள், அவர் யாருக்குக் கொடுத்தார், யாரிடம் வாங்கினார் என்று தெரியாமல் இத்தாவில் இருந்ததை எங்கள் ஊர் கண்டிருக்கிறது. குர்ஆனின் மிக நீண்ட வசனம் கடனை எழுதி வைப்பதைப் பற்றியது என்பதை நினைவூட்டுவதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

மீதியிருப்பது மகளின் விடயம். உயர்தரம் எழுதிவிட்டு, கட்டட அளவைப் பாடநெறிக்குத் தொழில்நுட்பக் கல்லூரியில் இடம் கிடைத்திருக்கிறது. தன் வீட்டுக்கே மதிப்பீடு போட்டுக்காட்டினாள். இரண்டு அறையும் குசினியும் கூரையோடு முடிக்க எவ்வளவு, ஊர் எதிர்பார்க்கிற மேல்மாடியும் தரைக்கு மாபிளும் சேர்த்தால் எவ்வளவு என்று இரண்டு நிரலில் எழுதியிருந்தாள். இரண்டுக்கும் இடைப்பட்ட வித்தியாசத்தில் விடுதி, பஸ், புத்தகம் என்று அவளுடைய படிப்பு முழுவதும் முடிந்து மிச்சமும் வரும். புத்தளத்துக் கொட்டிலின் முன் தைத்துக்கொண்டிருந்த அந்தக் கை எனக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது. மேல்மாடி வேண்டாம் என்று முடிவெடுத்தோம்.

முடிவு எங்களுடையது, ஊர் அதை ஏற்குமா என்பது வேறு. என் தம்பிக்கு இதில் உடன்பாடில்லை. "காக்கா, குமருக்குப் படிப்பு இருந்தாலும் மாப்பிள்ளை வீட்டார் முதல்ல பார்க்கிறது வீட்டைத்தான்" என்றான். அவன் சொல்வதில் பொய்யில்லை. படித்த பெண்ணுக்கும் முடிந்த வீடு கேட்கிற மாப்பிள்ளைமார் எங்கள் மாணவர்களாகவே இருக்கிறார்கள் என்பது ஆசிரியர்களாகிய எங்களுக்கு நல்ல சான்றிதழ் அல்ல. சீதனத்தை எதிர்த்து நாற்பது வருடமாகக் கதை எழுதுகிறோம். ஒரு தலைமுறையின் சேமிப்பு முழுவதும் ஒரே பானைக்குள், அதுவும் நிலத்தோடு பொருத்திய பானைக்குள் போகிறதே என்ற கணக்கை அந்த மாப்பிள்ளைமாருக்கு வகுப்பறையில் ஒருநாளாவது போட்டுக்காட்டியிருக்கிறோமா?

சென்ற மாதம் திருமணத் தரகர் ஒருவர் வந்து வளவைச் சுற்றிப் பார்த்தார். சுவரில் கை வைத்து, எப்போது முடியும் என்று கேட்டார். இரண்டு அறையும் குசினியும்தான், மேலே எழும்பாது என்று மனைவி சொன்னாள். மகள் படிக்கப் போகிறாள் என்பதையும் சொன்னாள். அவர் தேநீரைக் குடித்துவிட்டு, பார்ப்போம் என்று போனார். இன்னும் திரும்பி வரவில்லை. சீட்டில் எங்கள் முறைக்கு இன்னும் நான்கு மாதம் இருக்கிறது. முப்பது மூடை வரும். குசினிச் சுவருக்கும் பூச்சுக்கும் போதும் என்று மகளின் மதிப்பீடு சொல்கிறது. அவளுக்கு வகுப்பு அடுத்த மாதம் தொடங்குகிறது.